அறிவியல், பாதுகாப்பு, பாரம்பரியம்: நடப்பு நிகழ்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப் 4, குரூப் 2, யு.பி.எஸ்.சி என்று எதற்குப் படிக்கிறவராக இருந்தாலும், இந்த மூன்று பகுதியில் வரும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. ஒரே பதிலைத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எண்கள் எல்லாம் 2025 டிசம்பர் வரைக்குமானவை.

"எத்தனை மாச நடப்பு நிகழ்வு படிச்சா போதும் அண்ணா?"

தேர்வு தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு வருடம் கட்டாயம், ஒன்றரை வருடம் இருந்தால் நிம்மதி. ஆனால் இந்தக் கணக்கு விளையாட்டு, விருது, நியமனம் மாதிரியான விஷயங்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். அறிவியலும் பாரம்பரியமும் அப்படி மாதக் கணக்கில் அடங்காது. 2023-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 பற்றி இன்னும் பல வருடம் கேட்பார்கள், செம்மொழி அறிவிப்பும் அப்படித்தான்.

"தினம் ரெண்டு பேப்பர் படிக்கிறேன், ஒண்ணுமே மனசுல நிக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

செய்தியைச் செய்தியாகவே படித்தால் நிற்காது. வினாத்தாள் எடுப்பவர் அன்றைய தலைப்புச் செய்தியைக் கேட்பதைவிட, அந்தச் செய்தி எந்தப் பாடப்புத்தக விஷயத்தைத் தொடுகிறதோ அதைக் கேட்பதுதான் அதிகம். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள், மறுநாளே சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. இதில் கேள்வி எங்கிருந்து வரும்? ஒப்பந்தம் 1960-இல் கையெழுத்தானது, உலக வங்கி நடுவில் நின்று உதவியது, நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்டார்கள், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு நதிகள் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு நதிகளின் பெரும்பங்கு பாகிஸ்தானுக்கு. கேள்வி இங்கிருந்துதான் வரும். 'ரத்து' என்பதும் 'நிறுத்தி வைப்பு' என்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கூற்று வகைக் கேள்வியில் அந்த ஒரு சொல்லை மாற்றிப் போட்டாலே போதும், ஆள் விழுந்துவிடுவார்.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: யார் செய்தது, எந்தப் பட்டியலில் வருகிறது, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது. அறிவிப்பா, சோதனையா, படையில் சேர்த்தாகிவிட்டதா? கீழே வரும் பதில்களில் பாதி இந்த மூன்றையும் சுற்றித்தான் இருக்கும்.

"டி.என்.பி.எஸ்.சி-க்கும் யு.பி.எஸ்.சி-க்கும் தனித்தனியா நோட்ஸ் எடுக்கணுமா?"

வேண்டாம். ஒரே நோட்டு போதும், படிக்கும் ஆழம்தான் வேறு. குரூப் 4-இல் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25 என்று 200 கேள்விகள், அதில் நடப்பு நிகழ்வு அந்த 75-க்குள் ஒரு பகுதிதான். அங்கே ஊர், மாவட்டம், ஆண்டு, பெயர் மாதிரி நேரடியாக வருவது நிறைய, பொருத்துகவும் கூற்று-காரணமும் உண்டு. யு.பி.எஸ்.சி முதல்நிலையில் 100 கேள்வி, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், 'மேற்கண்டவற்றுள் எத்தனை கூற்றுகள் சரி' என்று கேட்டால் அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துத் தப்பிக்க வழியில்லை.

"சந்திரயான்-3 பத்தி எதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்? தேதி எல்லாம் மனப்பாடமா?"

இரண்டு தேதி போதும். 2023 ஜூலை 14-இல் எல்.வி.எம்-3 ராக்கெட்டில் கிளம்பியது, ஆகஸ்ட் 23-இல் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அந்த ஆகஸ்ட் 23-தான் இப்போது தேசிய விண்வெளி நாள். தரையிறங்கும் கலமான லேண்டரின் பெயர் விக்ரம், நிலவில் ஊர்ந்து ஆராயும் வண்டியான ரோவரின் பெயர் பிரக்யான், திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். சந்திரயான்-3-இல் தனியாக ஆர்பிட்டர் (நிலவைச் சுற்றிவந்து ஆராயும் கலம்) கிடையாது, உந்துவிசைக் கலன் மட்டும்தான். தகவல் தொடர்புக்கு சந்திரயான்-2-இன் ஆர்பிட்டரையும் பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால் 'ஆர்பிட்டர், லேண்டர், ரோவர் மூன்றும் கொண்டது' என்ற கூற்று சந்திரயான்-2-க்குத்தான் பொருந்தும்.

அப்புறம் அந்த மூன்று இடப் பெயர்கள். சந்திரயான்-1-இன் மோதுகலன் 2008-இல் விழுந்த இடம் ஜவகர் முனை, சந்திரயான்-2-இன் லேண்டர் 2019-இல் மோதிய இடம் திரங்கா முனை, சந்திரயான்-3 இறங்கிய இடம் சிவசக்தி முனை. பொருத்துக கேள்விக்கு இதைவிடத் தோதான விஷயம் கிடையாது.

"ஆதித்யா எல்-1 சூரியன் கிட்ட போயிடுச்சா? எரியாதா?"

கிட்டவெல்லாம் போகவில்லை. பூமியிலிருந்து சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர், ஆதித்யா நிற்பது 15 லட்சம் கிலோமீட்டரில், அதாவது நூறில் ஒரு பங்கு தூரம்தான். எல்-1 என்பது லக்ராஞ்சு புள்ளிகள் ஐந்தில் ஒன்று. சூரியனும் பூமியும் இழுக்கும் ஈர்ப்பின் கூட்டு விளைவால், அங்கே இருக்கும் ஒரு கலம் பூமியோடு ஒத்த வேகத்தில் சூரியனைச் சுற்றிவர முடியும், எரிபொருளும் கொஞ்சம்தான் செலவாகும். முக்கியமான லாபம், கிரகணமோ பூமியின் நிழலோ குறுக்கிடாமல் சூரியனை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சரியாகச் சொன்னால் அது அந்தப் புள்ளியிலேயே நிற்கவில்லை, அதைச் சுற்றி ஒளிவட்டப் பாதையில் வருகிறது.

2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்டது, 2024 ஜனவரி 6-இல் அந்தப் பாதையில் சேர்ந்தது. கருவிகள் 7. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

"எந்த சாட்டிலைட் எந்த ராக்கெட்ல போச்சுன்னு குழம்புது சார்"

எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ராக்கெட் தானாக வரும். ஆதித்யா சுமார் 1,480 கிலோ, பி.எஸ்.எல்.வி-யே போதும். 2025 ஜூலை 30-இல் ஏவிய, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள் நிசார் ஏறக்குறைய 2,392 கிலோ, அதற்கு ஜி.எஸ்.எல்.வி. சந்திரயான்-3 சுமார் 3,900 கிலோ, 2025 நவம்பர் 2-இல் ஏவிய சி.எம்.எஸ்-03 தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 4,410 கிலோ, இரண்டுக்கும் எல்.வி.எம்-3. நிசாரில் ஒரு விசேஷம், சூரிய ஒத்தியங்கு துருவப் பாதைக்கு (ஓர் இடத்தை எப்போதும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் பாதை) ஜி.எஸ்.எல்.வி போனது அதுதான் முதல் தடவை. அதில் எல்-பட்டை ரேடார் நாசா கொடுத்தது, எஸ்-பட்டை ரேடார் இஸ்ரோ கொடுத்தது, இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பார்கள்.

பி.எஸ்.எல்.வி நான்கு நிலை: திட, திரவ, திட, திரவ என்று மாறி மாறி வரும். கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் எஞ்சின்) அதில் கிடையாது, ஜி.எஸ்.எல்.வி-யிலும் எல்.வி.எம்-3-இலும்தான் மேல்நிலையில் உண்டு.

"ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரப்பட்டினம் எதுக்கு?"

துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை, அதன் மேல் ராக்கெட் பாகங்கள் விழக் கூடாது என்பதால் வளைந்து சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சுற்றலுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும், எஸ்.எஸ்.எல்.வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு, சுமந்து போகும் எடையில் பெரும்பகுதியே போய்விடும். தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையான குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் திறந்த கடல். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். மேலே சொன்ன 'எந்தக் கட்டம்' விஷயம் இங்கே உதவும்: அடிக்கல் நாட்டியது வேறு, ஏவத் தொடங்கியது வேறு.

"எல்லாத்துலயும் இந்தியா 'நாலாவது நாடு'ன்னு வருதே, எதுல நாலாவது?"

நல்ல கேள்வி, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிலவில் மெதுவாகத் தரையிறங்கியதில் நான்காவது, தென்துருவப் பகுதிக்கு அருகில் இறங்கியதில் முதலாவது. 2019 மார்ச் 27-இல் மிஷன் சக்தி மூலம் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்துக் காட்டியதில் நான்காவது. ஸ்பேடெக்ஸ் கலங்களை 2025 ஜனவரி 16-இல் விண்வெளியில் ஒன்றோடொன்று இணைத்ததிலும் நான்காவது. மூன்றிலும் நமக்கு முன்னால் இருப்பது அமெரிக்கா, ரஷ்யா (அல்லது சோவியத்), சீனா, எனவே பெயர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

மங்கள்யான் மட்டும் இந்த வரிசையில் சேராது. அங்கே சொல்ல வேண்டியது, 2014 செப்டம்பர் 24-இல் முதல் முயற்சியிலேயே செவ்வாய்ப் பாதையை அடைந்தது, ஆசியாவில் முதல் நாடு என்பது. ஜப்பான் 2024 ஜனவரியில் நிலவில் இறங்கி ஐந்தாவது ஆனது, அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

"முதல் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவா, சுபான்ஷு சுக்லாவா?"

விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மா, 1984, சோவியத் சோயுஸ் கலத்தில் சல்யூட்-7 நிலையத்துக்கு. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா, ஆக்சியம்-4 பயணம், 2025 ஜூன் 25-இல் கிளம்பி ஜூலை 15-இல் திரும்பினார். இருவருமே வேறு நாட்டு ராக்கெட்டில் போனவர்கள். நம் ராக்கெட்டில் நம் மண்ணிலிருந்து மனிதரை அனுப்புவதற்குப் பெயர்தான் ககன்யான், மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது திட்டம். சுக்லா போனது ககன்யான் இல்லை. பத்துப் பேரில் நான்கு பேராவது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள் என்பது என் அனுமானம்.

"தோத்த மிஷன்ல இருந்தும் கேள்வி வருமா?"

வரும், சும்மா ஒதுக்கி வைக்காதீர்கள். 2025 ஜனவரி 29-இல் ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதல், ஜி.எஸ்.எல்.வி எஃப்-15. ராக்கெட் வெற்றி, ஆனால் அதில் போன என்.வி.எஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளை உரிய பாதைக்கு உயர்த்த முடியவில்லை. அதே ஆண்டு மே 18-இல் பி.எஸ்.எல்.வி சி-61 மூன்றாம் நிலையில் சிக்கலாகி இ.ஓ.எஸ்-09 புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள் போய்விட்டது. முதலாவதில் பழுது செயற்கைக்கோளில், இரண்டாவதில் ராக்கெட்டில். கூற்று இந்த இடத்தில்தான் வளையும்.

"அக்னி, பிரம்மோஸ், ஆகாஷ்... ஏவுகணை எல்லாம் ஒரே மாதிரி தெரியுது"

வகையாகப் பிரித்தால் தெளிந்துவிடும். பாலிஸ்டிக் என்றால் மேலே எறியப்பட்டு வளைந்து கீழே வருவது: பிருத்வி, அக்னி. குரூஸ் என்றால் தாழ்வாக, எஞ்சின் உந்துதலோடு கடைசிவரை பறப்பது: ஒலியைவிட வேகமான பிரம்மோஸ், ஒலியைவிடக் குறைந்த வேகம் கொண்ட நிர்பய். ஆகாஷ் தரையிலிருந்து வானுக்கு, அஸ்திரா வானிலிருந்து வானுக்கு, நாக் பீரங்கி வண்டிகளை உடைக்க. 1983-இல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்தில் பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் ஆகிய ஐந்து. பிரம்மோஸ் அதில் இல்லை, அது பிறகு ரஷ்யாவோடு சேர்ந்து செய்தது. ஏற்றுமதியில் முதல் வாடிக்கையாளர் பிலிப்பைன்ஸ், 2022 ஜனவரியில் ஒப்பந்தம், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது.

"மிஷன் திவ்யாஸ்திரான்னா புது ஏவுகணையா?"

இல்லை. ஏவுகணை பழைய அக்னி-5 தான், 5,000 கிலோமீட்டருக்கு மேல் போவது. 2024 மார்ச் 11-இல் சோதித்தது அதில் பொருத்திய எம்.ஐ.ஆர்.வி தொழில்நுட்பம். ஒரே ஏவுகணை பல வெடிமுனைகளைச் சுமந்து போய், ஒவ்வொன்றையும் வேறு வேறு இலக்குக்கு அனுப்பும். எதிரியின் தடுப்பு அமைப்புக்கு இது பெரிய தலைவலி.

கூடவே அணு ஆயுத மும்முனையையும் படித்துவிடுங்கள்: நிலம், வானம், கடலடி மூன்றிலிருந்தும் அணு ஆயுதம் ஏவும் திறன். கடலடிக்கு ஐ.என்.எஸ் அரிஹந்த், அடுத்து 2024 ஆகஸ்ட் 29-இல் விசாகப்பட்டினத்தில் சேர்த்த ஐ.என்.எஸ் அரிகாத். 2022 செப்டம்பரில் கொச்சியில் சேர்த்த ஐ.என்.எஸ் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல், அணுசக்தியில் ஓடுவதில்லை, மும்முனைப் பேச்சில் அதை இழுக்காதீர்கள். இந்தியாவின் 2003 கொள்கை, முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது.

"கூட்டு ராணுவப் பயிற்சி பெயர் நூறு இருக்கே, எதை விடலாம்?"

அண்டை நாடுகளை விடாதீர்கள், மற்றதில் பெரிய நாடுகள் போதும். மித்ர சக்தி இலங்கை, சூர்ய கிரண் நேபாளம், ஏகுவெரின் மாலத்தீவு, யுத் அப்யாஸ் அமெரிக்கா, வருணா பிரான்ஸ் கடற்படை. 'சக்தி' என்று முடியும் பெயர்கள்தான் தொல்லை: வெறும் சக்தி பிரான்ஸ், கருட சக்தி இந்தோனேசியா, மித்ர சக்தி இலங்கை. தரங் சக்தி என்பது 2024-இல் நம் விமானப்படை நடத்திய பன்னாட்டுப் பயிற்சி, முதல் கட்டம் கோவை சூலூரில் நடந்தது.

மலபார் தனிக் கதை. 1992-இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கியது, 2015-இல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது, 2020-இல் ஆஸ்திரேலியா மீண்டும் வந்தது. நான்கும் குவாட் நாடுகளே, என்றாலும் மலபாரும் குவாடும் ஒன்றல்ல. ஒன்று கடற்படைப் பயிற்சி, மற்றது அரசுகளின் ஆலோசனைக் கூட்டமைப்பு.

"யுனெஸ்கோ அங்கீகாரம்னா எல்லாம் ஒரே லிஸ்ட் தானே?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது, நிதானமாகப் படியுங்கள். யுனெஸ்கோவிடம் பல பட்டியல்கள் இருக்கின்றன, செய்தித் தலைப்பில் எல்லாவற்றுக்கும் 'யுனெஸ்கோ அங்கீகாரம்' என்றே போட்டுவிடுகிறார்கள். இடங்களுக்கு உலகப் பாரம்பரியப் பட்டியல், 1972 உடன்படிக்கை. ஆட்டம், பாட்டு, விழா, வழக்கத்துக்குப் பண்பாட்டு மரபுப் பட்டியல், அதாவது தொட்டுப் பார்க்க முடியாதவை, 2003 உடன்படிக்கை. சுவடி, ஆவணங்களுக்கு உலக நினைவுப் பதிவேடு, 1992-இல் தொடங்கியது. காடு, கடல் மாதிரி உயிர்க்கோளக் காப்பகங்களுக்கு இன்னொரு பட்டியல், நகரங்களுக்குப் படைப்பாக்க நகரங்கள் என்று ஒன்று. சென்னை 2017-இல் இசைக்காகச் சேர்ந்தது அந்தக் கடைசிப் பட்டியலில்.

இப்போது சமீபத்தியவற்றை அததன் பெட்டியில் போடுங்கள். 2024 ஜூலையில் டெல்லியில் நடந்த கூட்டத்தில் அசாமின் சராய்தேவ் மொய்தாம்கள், அகோம் அரச குலத்தின் புதைமேடுகள், இந்தியாவின் 43-வது உலகப் பாரம்பரியச் சின்னம். 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள், 44-வது. அந்த 44-இல் பண்பாடு 36, இயற்கை 7, கலப்பு 1, அந்த ஒன்று சிக்கிமின் கஞ்சன்ஜங்கா. 2025 ஏப்ரலில் பகவத் கீதை, நாட்டிய சாத்திரச் சுவடிகள் சேர்ந்தது நினைவுப் பதிவேட்டில். 2025 டிசம்பரில் தீபாவளி சேர்ந்தது பண்பாட்டு மரபுப் பட்டியலில், இந்தியாவின் 16-வது, அதற்கு முந்தையது 2023-இல் கர்பா நடனம். நினைவுப் பதிவேட்டில் இந்தியாவிலிருந்து முதலில், 1997-இல், இடம்பெற்றவை சென்னையில் ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடிகள். இதை நம் ஊர்ப் பிள்ளைகளே மறந்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

ஈரநிலங்களுக்கான ராம்சார் யுனெஸ்கோ பட்டியல் அல்ல, அது 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான தனி உடன்படிக்கை.

"அப்ப தமிழ்நாட்டுல உலகப் பாரம்பரியச் சின்னம் எத்தனை? ஒரு புக்ல 5, ஒரு புக்ல 6, இன்னொண்ணுல 7"

பதிவை எண்ணினால் ஐந்து, இடத்தை எண்ணினால் கூடும், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். மாமல்லபுரம் 1984. தஞ்சைப் பெரிய கோயில் 1987, 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தன, மூன்று கோயில் என்றாலும் பதிவு ஒன்றுதான். நீலகிரி மலை ரயில் 2005, டார்ஜிலிங் ரயிலின் பதிவை நீட்டித்துச் சேர்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012, நான்கு மாநிலங்களில் 39 பகுதிகள். கடைசியாகச் செஞ்சிக் கோட்டை, மேலே சொன்ன 44-வது பதிவின் 12 கோட்டைகளில் ஒன்று, மற்ற 11-உம் மகாராட்டிரத்தில். செஞ்சி எப்படி மராத்தியக் கோட்டை என்று கேட்பவர்களுக்கு: சிவாஜி 1677-இல் அதைப் பிடித்தார், பிறகு அவர் மகன் ராஜாராம் முகலாய முற்றுகையை அங்கிருந்துதான் பல ஆண்டுகள் தாங்கினார்.

"கீழடி கி.மு. 580-ஆ, 3345-ஆ? எதை எழுதணும்?"

இரண்டும் வேறு வேறு ஊர். சிவகங்கை மாவட்டம் கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கரிமப் பகுப்பாய்வில் வந்த காலம் கி.மு. 580, எனவே கி.மு. ஆறாம் நூற்றாண்டு நகரப் பண்பாடு என்று மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. கி.மு. 3345 என்பது தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரியின் காலம், 2025 ஜனவரி 23-இல் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் வந்தது. அதே சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுமிக்கு கி.மு. 1155 என்று 2021-இல் சொன்னார்கள். ஆகவே 'சிவகளை' என்று மட்டும் பார்த்து விடையைக் குறிக்காதீர்கள், நெல்லா இரும்பா என்று பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172.

கீழடி அறிக்கையில் மத்தியத் தொல்லியல் துறை 2025-இல் திருத்தம் கேட்ட விவகாரம் முதன்மைத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும்தான் உதவும், அங்கேயும் இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டுப் பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

"செம்மொழி 6-ஆ 11-ஆ? எங்க ஸ்கூல் புக்ல 6-ன்னு இருக்கு"

11. தமிழ் 2004, சமற்கிருதம் 2005, தெலுங்கும் கன்னடமும் 2008, மலையாளம் 2013, ஒடியா 2014. 2024 அக்டோபர் 3-இல் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்கம். இதற்கு முன் அச்சான புத்தகத்தில் 6 என்றுதான் இருக்கும், அச்சான ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு மாத இதழ்ல ரெண்டு விதமா இருந்தா எதை நம்புறது?"

எதையும் நம்ப வேண்டாம், மூலத்துக்குப் போங்கள். விண்வெளிக்கு இஸ்ரோவின் தளம், பாதுகாப்புக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகக் குறிப்பு, பாரம்பரியத்துக்கு யுனெஸ்கோவின் பட்டியல். மூன்றும் இலவசம். பாதி நேரம் இரண்டு இதழுமே சரியாகத்தான் இருக்கும், தமிழ்நாட்டுச் சின்னங்கள் மாதிரி எண்ணும் முறைதான் வேறாக இருக்கும்.

"பரீட்சைக்கு முந்தின வாரம் பெரிய செய்தி ஏதாவது வந்தா அதையும் படிக்கணுமா?"

முதல்நிலைத் தேர்வுக்கு வேண்டாம். வினாத்தாள் அதற்கு வெகு முன்பே தயாராகி அச்சுக்குப் போயிருக்கும். அந்த வாரம் பழைய நோட்டில் 'நான்காவது நாடு' பக்கத்தையும் யுனெஸ்கோ பக்கத்தையும் இன்னொரு முறை ஓட்டிவிட்டு, நேரத்துக்குத் தூங்குங்கள். நேர்முகத் தேர்வு என்றால் மட்டும் அன்று காலைச் செய்தித்தாளைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அங்கே அதைக் கேட்பார்கள்.